படிக்கக் கொடுத்த குரல்

கணினி கற்றுக்கொடுக்கப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தாருங்கள் என்று மையத்திலிருந்து கேட்டார்கள். ஓய்வு பெற்றவனிடம் கேட்டால் பழம்பெருமைதான் வரும் என்று தெரிந்தேதான் கேட்டிருப்பார்கள். பயப்பட வேண்டாம், பெருமை பேச எனக்குத் தெம்பில்லை. இந்த வேலை என்னை நன்றாகவே களைப்பாக்கி அனுப்பியிருக்கிறது. மென்பொருளை நிறுவுவது பற்றியும் நான் எதுவும் சொல்லப் போவதில்லை. அதை என்னைவிட வேகமாக நீங்களே செய்வீர்கள். அந்த வேகத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். குறிப்பாக, ஒவ்வொரு முறையும் படிக்காமலே அழுத்துகிறீர்களே, ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொத்தான், அதைப் பற்றி.

என்னை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பிறவியிலேயே பார்வையில்லாதவன். பாலக்காட்டில் இருக்கும் இந்த மையத்துக்காக ஆனைகட்டியிலும் வடகரப்பதியிலும் மலை மேலே காந்தலூரிலும் பார்வையில்லாதவர்களின் வீடு தேடிப் போய்க் கணினி கற்றுக்கொடுத்தேன். தமிழ் பேசும் வீடுகளாக இருந்தாலும் மலையாள வழக்கப்படி எல்லோருக்கும் நான் ‘மாஷ்’தான். வாத்தியார் என்று யாரும் கூப்பிட்டதில்லை.

நமக்கு இரண்டு மென்பொருள் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். திரையில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பது ஒன்று. அதை வாய்விட்டுச் சொல்லும் குரல் இன்னொன்று. முதலாவது இலவசமாகவே நல்லதாகக் கிடைத்துவிட்டது. தொல்லையெல்லாம் குரலில்தான். கேட்கும்படியான குரல்கள் எல்லாம் ஏதோ ஒரு கம்பெனியின் சொத்து. இலவசமாக வந்த தமிழ்க் குரலோ தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பேசுவது போல இருக்கும்.

காந்தலூரில் ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். பார்வையில்லாதவர். கம்பெனிக் குரல் ஒன்றை முறைப்படி வாங்கி வைத்திருந்தார். ஒரு மழைக்காலத்தில் இடி இறங்கி அவர் கணினி கருகிப்போனது. புதிது வாங்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார். “மாஷே, பொட்டி புதுசு வந்திருச்சு. ஆனா வாயத் தொறக்க மாட்டேங்குதே” என்றார். கம்பெனிக்கு எழுதினோம். அந்தக் குரலின் உரிமம் பழைய கணினிக்கு உரியது, பழைய கணினியைத் திறந்து அதிலிருந்து உரிமத்தை ஒப்படைத்துவிட்டுப் புதியதில் பெற்றுக்கொள்ளவும் என்று மரியாதையாகப் பதில் வந்தது. இடி விழுந்த பெட்டி எதைத் திறந்து எதை ஒப்படைக்கும்? நாங்கள் மறுபடி எழுத, அவர்களும் அதே பதிலை மறுபடி அனுப்பினார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்களே, அதுதான். ஓணம் விடுமுறை வரும்வரை அந்த மனிதர் பிள்ளைகளின் கட்டுரைகளை மனைவியை விட்டுப் படிக்கச் சொல்லித் திருத்தினார்.

மலை இறங்கி வரும் பஸ்ஸில்தான் எனக்கு வெறுத்துப்போனது. யாரிடமும் கெஞ்ச வேண்டாத ஒரு குரல் நமக்கு வேண்டும் என்று மையத்தில் போய்ச் சண்டை போட்டேன். அப்படித்தான் நாமே ஒரு குரல் செய்வது என்று முடிவானது.

குரல் செய்வதற்கு முதலில் ஆள் வேண்டும். பாலக்காட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு தமிழ் முஸ்லிம் குடும்பத்தின் மருமகள் ரஹ்மத். நம் மாணவர்களுக்காகப் பரீட்சை எழுதித் தர அடிக்கடி வருவார். பாடத்தைப் படித்தாரென்றால் எதிரே இருப்பவனுக்குப் பாதி புரிந்துவிடும். அவசரமே இல்லாத, தெளிவான குரல். கேட்டதும் சரி என்றார். ஆனால் அந்த வீட்டில் சரி சொல்ல வேண்டியவர் அவர் கணவரின் மூத்த அண்ணன். ஹஜ் போய் வந்தவர் என்பதால் ஊரே அவரை ஹாஜியார் என்றுதான் அழைக்கும். கடையும் குடும்பமும் அவர் சொல்படி நடக்கும்.

ஹாஜியார் யோசிக்கவே இல்லை. “கண்ணு தெரியாதவங்க படிக்கறதுக்குன்னா நன்மையான காரியமில்லையா மாஷே” என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் பின்னால் இருந்த குடோனையே ஒலிப்பதிவுக்குத் திறந்துவிட்டார். கூரை வரை சேலைக் கட்டும் லுங்கிக் கட்டும் அடுக்கிய அறை. துணி எதிரொலியை அப்படியே குடித்துவிடும். ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கட்டும் அறைகளில்கூட அவ்வளவு நிசப்தம் கிடைப்பதில்லை. மின்விசிறியைப் போட்டால் சத்தம் பதியும் என்பதால் வேர்த்து வழிய உட்கார்ந்து ரஹ்மத் வாக்கியம் வாக்கியமாகப் படித்தார். அந்த ஒலிகளைப் பிரித்துக் கோத்து, அவர் படிக்காத வாக்கியத்தையும் கணினி அவர் குரலிலேயே சொல்லும்.

உரிமத்தைப் பற்றி ஒளிவு மறைவில்லாமல் அப்போதே அவரிடம் சொன்னேன். குரலை இயக்கும் மூல மென்பொருள் நாங்கள் எழுதியதல்ல, எங்கோ சிலர் எழுதிப் பொதுவில் விட்டது. அவர்கள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. இதை வைத்து நீங்கள் செய்வதையும் இதே போலப் பொதுவில் விட வேண்டும், யாரும் எதற்கும் பயன்படுத்தலாம், நீங்கள் புதிதாக ஒரு தடையும் சேர்க்கக் கூடாது. ஒருமுறை கொடுத்தால் கொடுத்ததுதான்.

“எதுக்கு வேணாலும்னா, எதுக்கு மாஷே?” என்று ரஹ்மத் கேட்டார்.

“அதை நாம சொல்ல முடியாதும்மா.”

“கண்ணு தெரியாதவங்க என்ன கெட்ட காரியத்துக்கா கேக்கப் போறாங்க?”

“எங்களையெல்லாம் அவ்ளோ நல்லவங்கன்னு நெனச்சுக்காதீங்க” என்றேன். சிரித்தார். சிரித்துக்கொண்டே கையெழுத்தும் போட்டார்.

ஹாஜியார் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டார். பெயர் வேண்டாம். வீட்டுப் பெண்ணின் பெயர் ஊரெல்லாம் சுற்றுவது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. அதில் எங்களுக்கும் சிரமம் எதுவுமில்லை. ‘தமிழ்ப் பெண் குரல்’ என்று பெயரிட்டு வெளியிட்டோம்.

குரல் நன்றாகவே போய்ச் சேர்ந்தது. காந்தலூர் ஆசிரியர் அதை வைத்துத்தான் மீண்டும் கட்டுரை திருத்தினார். எனக்கும் காலையில் செய்தி படித்தது அதுதான். வகுப்புகளில் நான் அதைப் பற்றி வாய் ஓயாமல் பேசினேன். இதற்குப் பூட்டு கிடையாது, இது உங்களுடையது, எந்தக் கணினியிலும் போடலாம், எதற்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்றெல்லாம் அடித்துச் சொன்னேன். அந்த இடியின் கோபம் அதுவரை எனக்குள் இருந்தது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் ஒரு நாள் ஹாஜியார் கடைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். எப்போதும் ஸ்டூலை இழுத்துப் போடும் சத்தத்தோடு வரவேற்பவர் அன்று ஸ்டூலை இழுக்கவில்லை. எதிரே யாரோ மூச்சு விடுவது கேட்டது. ரஹ்மத்தும் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டேன்.

விஷயம் இதுதான். அந்த வீட்டுப் பெண்கள் ஒரு கல்யாணத்துக்காகக் கோயம்புத்தூர் போயிருக்கிறார்கள். வடகரப்பதிப் பக்கம் செக்போஸ்ட்டில் பஸ் நின்றிருக்கிறது. வெளியே லாட்டரி ஸ்டாண்டு. தமிழ்நாட்டில் லாட்டரி இல்லாததால் அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லை தாண்டி வந்து வாங்கும் இடம் அது. அங்கிருந்து ஒலிபெருக்கியில், “வாங்க, இன்னைக்குக் குலுக்கல், அதிர்ஷ்டம் உங்க கையில” என்று ரஹ்மத் கூவியிருக்கிறார். பஸ்ஸுக்குள் ரஹ்மத் நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். வண்டியில் இருந்த சொந்தக்காரர்கள் எல்லாம் ஒருமுறை ஜன்னலையும் ஒருமுறை அவர் முகத்தையும் பார்த்திருக்கிறார்கள்.

“மாஷே, எங்களுக்குச் சூதாட்டம் ஹராம். அது உங்களுக்கும் தெரியும்” என்றார் ஹாஜியார். “நன்மைன்னு சொல்லித்தான் குடோனைத் தெறந்து விட்டேன். இப்ப எங்க ஊட்டுப் பொண்ணு ரோட்டுல நின்னு லாட்டரி கூவுது. பள்ளிவாசல்ல நாலு பேரு கேக்கறாங்க. ஊர் வாயை மூட முடியுமா? அந்தக் குரலையே வாபஸ் வாங்கிடுங்க. எல்லா எடத்துலயும்.”

முடியாது என்று சொல்ல வேண்டியவன் நான். ஏற்கனவே எத்தனையோ கணினிகளுக்குப் போய்விட்டது, சட்டப்படித் திரும்ப வாங்க வழியில்லை என்றேன். என் காதுக்கே அது காந்தலூருக்கு வந்த கம்பெனிக் கடிதம் போலத்தான் கேட்டது. “நம்ம மையத்துல இனிமே குடுக்காம நிறுத்தலாம். ஆனா அதனால இனிமே படிக்க வர்றவங்களுக்குத்தான் இல்லாம போகும். லாட்டரிக்காரர்கிட்ட இருக்கறது அப்படியே இருக்கும்.”

அப்போதுதான் ரஹ்மத் பேசினார். தினமும் எனக்குச் செய்தி படிக்கிற குரல் எதிரே உட்கார்ந்து தடுமாறியது. “படிக்கறவங்களுக்கு நிறுத்த வேண்டாம் மச்சான்” என்றார் ஹாஜியாரிடம். பிறகு என்னிடம், “நான் குடுத்தது படிக்கறதுக்கு மாஷே. கூவறதுக்கு இல்ல” என்றார். இடையில் ஒருமுறை மூச்சு வாங்கினார். நம் கணினியில் அந்தக் குரல் மூச்சு வாங்குவதே கிடையாது.

உலகத்தில் எந்த உரிமத்திலும் படிப்பதற்கும் கூவுவதற்கும் வித்தியாசம் எழுதியிருக்கவில்லை. பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

மையத்தில் அப்போதிருந்த பொறுப்பாளர் நல்ல மனிதர், ஆனால் பிரச்சினை என்று வந்தால் அன்று மாலைக்குள் அது முடிந்தாக வேண்டும் அவருக்கு. “லாட்டரிக்கும் மதுவுக்கும் பயன்படுத்தக் கூடாதுன்னு உரிமத்துல ஒரு வரி சேர்த்துடுங்க மாஷே. ஹாஜியார்கிட்டக் காட்டலாம்” என்றார். மாட்டேன் என்றேன். தடை சேர்க்கக் கூடாது என்ற வாக்கின் பேரில்தான் மூல மென்பொருளே நம் கையில் இருக்கிறது. அதை மீறினால் அதைக் கொடுக்கும் உரிமையே நமக்குப் போய்விடும். அதுகூடப் போகட்டும். லாட்டரி ஏஜென்சியில் கணக்கெழுதும் நம் பழைய மாணவி ஒருத்தி இருக்கிறாள். கள்ளுக்கடைத் தொழிலாளர் சங்க அலுவலகத்தில் ஒருவன் இருக்கிறான். அந்த வரியைப் போட்டால் முதலில் வாயடைத்துப் போவது அவர்கள் கணினிதான். எவன் எந்த வேலை பார்த்தால் கணினி அவனுக்குப் பேசும் என்று முடிவு செய்ய நாம் யார்? பொறுப்பாளர் கோபித்துக்கொண்டார். சட்டம் பேசுகிறீர்கள், அந்தம்மா முகத்தில் நான் எப்படி விழிப்பது என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். வரி சேர்த்தால் தீர்ந்துவிடும் என்று ஒருவர் நெருக்குவார், எல்லாவற்றையும் எடுத்துவிடு என்று இன்னொருவர் நெருக்குவார். இரண்டில் எதுவும் செய்யாமல் இருப்பதற்குத்தான் அதிகத் தெம்பு வேண்டியிருக்கிறது. எனக்கு அது கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. அதை எடுத்துக்கொண்டு வடகரப்பதிக்குப் பஸ் ஏறினேன்.

லாட்டரிக்காரர் மயில்சாமி என் பழைய மாணவர். வடகரப்பதிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. அண்ணன் தம்பிகள் காடு தோட்டம் பார்க்க, பார்வையில்லாத இவர் செக்போஸ்ட்டில் லாட்டரி விற்றுத் தன் வீட்டை நடத்திவந்தார். வகுப்பில் எல்லோரையும் மீறிக் கேட்கும் குரல் அவருடையது. அன்று போனபோது அந்தக் குரல் இல்லை.

“ஏனுங்க மாஷே, நல்லாருக்கீங்களா” என்று யாரோ காதருகே கிசுகிசுத்தார்கள். மயில்சாமிதான். தொண்டையில் முடிச்சு விழுந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. “சத்தம் போட்டா ரத்தம் வருதுங்க. கத்தவே கூடாதுன்னு டாக்டரு கண்டிசனா சொல்லிப்போட்டாருங்க. பஸ்ஸு இஞ்சின் சத்தத்துக்கு மேல கூவாம இங்க ஒரு சீட்டும் விக்காதுங்களே. அதான் போன்ல எழுதி, அந்தப் பொம்பளக் கொரல வெச்சு இந்தப் பொட்டில உட்டுட்டனுங்க.”

பெட்டி தலைக்கு மேலே கூவிக்கொண்டுதான் இருந்தது. பாடத்துக்கும் மருந்துப் பெயருக்கும் ரஹ்மத் பதித்த சொற்களிலிருந்து ஒலி பிரித்து அதிர்ஷ்டம் விற்றுக்கொண்டிருந்தது.

“இதை நிறுத்தணும் மயில்சாமி” என்றேன்.

“சட்டப்படி தப்புங்களா?”

“இல்ல.”

“எதுக்கு வேணாலும் வெச்சுக்கலாம்னு நீங்கதானுங்க கிளாஸ்ல சொன்னீங்க.”

“நான்தான் சொன்னேன்.”

“அப்பறம் என்னங்க?”

நியாயம் முழுக்க அவர் பக்கம். உரிமத்தை எடுத்து யாரிடம் காட்டினாலும் அவருக்குத்தான் தீர்ப்பாகும். “அந்தம்மாவுக்கு மனசு கஷ்டமா இருக்கு” என்றேன்.

“எந்தம்மாவுக்குங்க?”

“இப்பக் கூவறாங்களே, அவங்களுக்கு.”

“ஆளுங்களா?” என்றார் மயில்சாமி. “நெசமான ஆளுங்களா மாஷே? கம்ப்யூட்டரே பேசுதுன்னு நெனச்சனுங்க.”

நான் அதை எதிர்பார்க்கவே இல்லை. பெயரில்லாமல் வந்த குரல். அதற்குப் பின்னால் ஒரு தொண்டை இருக்கும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? ஜவுளிக்கடை, குடோன், பஸ்ஸில் நடந்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன். பாதியிலேயே மேலே பெட்டி சட்டென்று நின்றது. ரோட்டில் வண்டிச் சத்தம் மட்டும் மிச்சமிருந்தது.

“ஒரு ஊட்டுப் பொம்பளைய நடுரோட்டுல நிறுத்திப் போட்டனுங்களே” என்றார். சீட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது. “செரிங்க. இனி எப்புடி விக்கறதுன்னு தெரியலீங்க. அது என்ற பாடுங்க.”

அவரை அப்படியே விட்டுவிட்டுப் பஸ் ஏற எனக்கு மனம் வரவில்லை. ஒருவருடைய கஷ்டத்தைத் தூக்கி இன்னொருவர் தலையில் வைத்துவிட்டுத் தீர்ந்தது என்று சொல்வது எப்படி? அவருடைய போனை வாங்கி, ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பழக்கடைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நானே கூவினேன். எண்கள், கிழமைகள், இன்னைக்குக் குலுக்கல், வாங்க, அதிர்ஷ்டம். கணினிக் குரல் ஒன்றுமில்லை, வெறும் ஒலிப்பதிவு. அவர் தினமும் வேண்டியதை வேண்டிய வரிசையில் கோத்துக்கொள்ளலாம்.

“இதுக்கு என்ன கண்டிசனுங்க?” என்றார்.

“ஒண்ணுமில்ல. விக்கலேன்னா என்னைத் திட்டாதீங்க.”

விற்றது. என்ன கெட்ட நேரமோ, மற்ற ஸ்டாண்டுக்காரர்களும் அதை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். கொஞ்ச நாளில், “ரிட்டயர் ஆகறதுக்குள்ள லாட்டரி யாவாரம் ஆரம்பிச்சுட்டீங்களா மாஷே” என்று பஸ்ஸில் கிண்டல் கிளம்பியது. நானும் சிரித்தேன். ஆனால் ஒரு நாள் செக்போஸ்ட்டில் பஸ் நின்றபோது, வாயை மூடிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்த எனக்கு வெளியே நான் கூவுவது கேட்டது. விரும்பிக் கொடுத்தவன் நான், லாட்டரியில் எனக்குப் பாவம் புண்ணியம் எதுவுமில்லை. அப்படியும் இறங்கி ஓடிப்போய் அந்தப் பெட்டியைப் பிடுங்கி எறியத் தோன்றியது. ரஹ்மத்துக்கு அன்று பஸ்ஸில் என்ன நேர்ந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஜவுளிக்கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். ஹாஜியார் ஸ்டூலை இழுத்துப் போட்டு டீ வரவழைத்தார். அவருக்கு விஷயம் முடிந்துவிட்டது. ரஹ்மத்துக்கு முடியவில்லை.

“அவருக்கு நான் ஒரு ஆளுன்னே தெரியாதா?” என்று கேட்டார்.

“தெரியலம்மா. கம்ப்யூட்டர்னு நெனச்சிருக்காரு.”

பிறகு ஹாஜியாரிடம், “மச்சான், பேரு போடச் சொல்லட்டுமா?” என்றார்.

“பேரா? பேரு வெளிய போக வேண்டாம்னுதானே நானே சொன்னேன்” என்றார் ஹாஜியார்.

“பேரில்லாததுனாலதானே யாருதும் இல்லாம போச்சு. ஒரு பொம்பள இருக்கான்னு தெரிஞ்சதும் அந்த மனுஷர் தானா நிறுத்திட்டார். குரல் மட்டும் ஊரெல்லாம் போகுது. பேரும் கூடப் போகட்டும் மச்சான், தொணைக்கு.”

ஹாஜியார் டீ கிளாசைக் கீழே வைத்தார். வாடிக்கையாளர் யாரோ வந்தார்கள், அவர்களுக்குச் சேலை எடுத்துக் காட்டச் சொல்லிக் கடைப் பையனிடம் சத்தம் போட்டார். போவதா இருப்பதா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, “குடோன்ல ஸ்டாக் ஏறி நிக்குது மாஷே. எப்ப வர்றீங்கன்னு முன்னாடியே சொல்லுங்க, கொஞ்சம் ஒதுக்கித் தர்றேன்” என்றார்.

மறுபடியும் அதே குடோனில், மின்விசிறி இல்லாமல், ரஹ்மத் மூன்று வரி பேசிப் பதித்தார். நீங்கள் அந்தக் குரலை ஒரு கணினியிலோ போனிலோ முதன்முதலாகப் போடும்போது தானாக வருவது அதுதான். “என் பேரு ரஹ்மத். பாலக்காடு. நீங்க படிக்கறதுக்காக இந்தக் குரலைக் குடுத்திருக்கேன்.” அதில் நாங்கள் மூச்சை வெட்டவில்லை. பொறுப்பாளர் பயந்துபோய், இது நிபந்தனையாகிவிடாதா என்று கேட்டார். ஆகாது. சட்டத்தில் அதற்கு எந்த வலுவும் இல்லை. யாரும் மீறலாம். எங்கோ திருச்சூர்ப் பக்கம் ஒரு குக்கர் ரிப்பேர் வண்டியில் அது இன்னமும் கூவுவதாகக் கேள்விப்பட்டேன். அது பழைய பிரதியா, காதில் வாங்காதவனா என்று தெரியாது. தேடிப் போக எனக்குத் தெம்புமில்லை.

அந்த மூன்று வரியைத் தாண்டிப் போக ஒரு பொத்தான் இருக்கிறது. வீட்டில் காத்திருப்பவர்கள் பத்துப் பேர், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அழுத்திவிடுவீர்கள். அழுத்தாதீர்கள் என்றுதான் இவ்வளவையும் எழுதினேன். உரிமத்தை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள், அது உங்கள் கடமை. இதை மட்டும் அவர்களே கேட்கட்டும்.

வேலையில் என் கடைசி வாரத்தில் மயில்சாமி புதுப் போன் வாங்கிக்கொண்டு மையத்துக்கு வந்தார். பஸ் டிக்கெட்டும் ஆஸ்பத்திரிச் சீட்டும் படிக்கக் குரல் வேண்டும் என்றார். போட்டுக் கொடுத்தேன். ரஹ்மத் தன் பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார், எதற்குக் கொடுத்தார் என்பதைச் சொன்னார். மயில்சாமி போனைக் கையில் வைத்தபடி நின்றார். டாக்டர் அனுமதித்த அளவு சத்தத்தில், அந்தப் போனிடம், “ஆகட்டுங்க தாயி” என்றார்.